காசு வாங்கி ட்ரோன் ஓட்ட என்னென்ன வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ, வயலுக்கு மருந்து தெளிப்பு, மனை அளவை, செல்போன் கோபுரச் சோதனை என்று ட்ரோனை வைத்துப் பிழைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். இந்தியாவில் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை, 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். 2022இலும் 2023இலும் அவற்றில் சில திருத்தங்கள் நடந்தன. புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது "லைசென்ஸ் எங்கே எடுப்பது?" என்றுதான். "எந்த ட்ரோனை வாங்குவது?" என்று கேட்பதற்குள் பெரும்பாலும் பணத்தைக் கட்டிவிட்டிருப்பார்கள். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

லைசென்ஸ் வேண்டுமா, வேண்டாமா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைக் காசு வாங்கி ஓட்டினால் வேண்டும். 2 கிலோவைத் தாண்டிய ட்ரோன் என்றால் காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேண்டும். 2 கிலோ வரை, வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டுபவருக்கு வேண்டாம். 250 கிராமுக்கு உட்பட்டதை ஓட்ட யாருக்குமே வேண்டாம்.

பேச்சில் எல்லோரும் லைசென்ஸ் என்றுதான் சொல்கிறோம். 2022 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு அதன் பெயர் ரிமோட் பைலட் சான்றிதழ். பெயர் மட்டும் மாறவில்லை. பயிற்சி நிறுவனமே தேர்வு வைத்துச் சான்றிதழையும் வழங்கும் முறை வந்தது, அலைச்சல் குறைந்தது.

எடையை எப்படிக் கணக்கிடுவது? வெறும் ட்ரோனா, எல்லாம் சேர்த்தா?

எல்லாம் சேர்த்துத்தான். பேட்டரி, கேமரா, மருந்துத் தொட்டி, அதற்குள் இருக்கும் மருந்து என்று மேலே எழும்பும்போது என்னவெல்லாம் கூடவே போகிறதோ அவ்வளவும் கணக்கு. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கும் மேல் லார்ஜ். 500 கிலோவைத் தாண்டினால் இந்த விதிகளுக்குள் வராது, விமானங்களுக்கான விதிகள்தான்.

விவசாய ட்ரோன்களில் 10 லிட்டர் தொட்டி இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். பேட்டரியோடு சேர்ந்த ட்ரோன் பதினான்கு, பதினைந்து கிலோ வரும். அதன்மேல் 10 லிட்டர் மருந்தை ஊற்றினால் மொத்தம் 25 கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஸ்மால் வகையைத் தாண்டாமல் இருக்கும்படி பார்த்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். அதில் பெரிய தொட்டியை நீங்களாக மாட்டினால் ட்ரோன் வேறு வகைக்குப் போய்விடும். உங்கள் சான்றிதழும் அந்த ட்ரோனின் அங்கீகாரமும் அப்புறம் அதற்குப் பொருந்தாது.

249 கிராம் ட்ரோன் வாங்கினால் எந்தக் காகிதமும் தேவையில்லையாமே?

பாதி உண்மை. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம், டைப் சர்டிபிகேட் என்கிற மாடல் அங்கீகாரம் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. ஆனால் பதிவு எண்ணிலிருந்து விதிகள் நானோவை விலக்கவில்லை. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்ற மண்டல விதிகளும் எல்லா எடைக்கும் ஒன்றுதான். விமான நிலையச் சுவரோரம் நின்று 249 கிராமை ஏற்றினாலும் விதிமீறல்தான்.

இன்னொன்றும் உண்டு. 249 என்பது பெட்டியில் வரும் பேட்டரியோடு சேர்த்த எடை. கூடுதல் நேரம் பறக்கும் பெரிய பேட்டரியைத் தனியாக வாங்கிப் போட்டாலோ, இறக்கைகளைச் சுற்றிக் காப்பு வளையம் மாட்டினாலோ 250ஐத் தாண்டிவிடும். தாண்டியதும் அது மைக்ரோ. காசுக்கு ஓட்டுகிறீர்கள் என்றால் சான்றிதழ், டைப் சர்டிபிகேட், காப்பீடு மூன்றும் அந்த நிமிடமே தேவைப்படும். சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

டைப் சர்டிபிகேட் என்றால் என்ன? அதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டைப் சர்டிபிகேட் என்பது ஒரு மாடலுக்குக் கிடைக்கும் அங்கீகாரம். உங்கள் கையில் இருக்கும் தனி ட்ரோனுக்கு அல்ல, அந்த மாடல் மொத்தத்துக்கும். தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான் விண்ணப்பிப்பார். இந்தியத் தரக் குழுவின் ஏற்பு பெற்ற அமைப்புகள் சோதனை செய்யும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ சான்று தரும். இதற்கான திட்டம் 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. நாட்டின் முதல் டைப் சர்டிபிகேட் அதே ஆண்டு ஜூனில் ஐஓடெக்வேர்ல்டு நிறுவனத்தின் அக்ரிபாட் என்ற விவசாய ட்ரோனுக்குக் கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். 250 கிராமைத் தாண்டிய மாடலுக்கு டைப் சர்டிபிகேட் இல்லையென்றால் உங்கள் ட்ரோனுக்குப் பதிவு எண் கிடைக்காது. பதிவு எண் இல்லாமல் பறப்பதே குற்றம். காப்பீட்டு நிறுவனமும் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்கும். நீங்கள் ஐம்பதாயிரம் செலவழித்துப் பயிற்சி முடித்துச் சான்றிதழை வாங்கி வைத்திருந்தாலும், அங்கீகாரம் இல்லாத மாடல் கையில் இருந்தால் அந்தச் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை. ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, வண்டிக்கு ஆர்சி புக் கிடைக்கவே கிடைக்காது என்கிற நிலைமை.

கடைக்காரர் "இதை ஊரே வைத்திருக்கிறது சார், ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார். ஊர் வைத்திருப்பது வேறு, பதிவாவது வேறு. படம் பிடிப்பவர்கள் விரும்பி வாங்கும் வெளிநாட்டு கேமரா ட்ரோன்கள் பல இந்த இடத்தில்தான் அடிபடுகின்றன. படத்தரத்தில் அவற்றைக் குறை சொல்ல முடியாது, ஆனால் 250 கிராமைத் தாண்டியவற்றில் பலவற்றை இங்கே முறையாகப் பதிய வழியில்லை. அதனால் விலை பேசுவதற்கு முன்பே டைப் சர்டிபிகேட் எண் என்ன என்று கேளுங்கள். சொன்ன எண்ணை டிஜிசிஏ வெளியிட்டிருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாடல் பெயரின் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். ஒரே பெயரில் ஒரு ரகத்துக்குச் சான்று இருந்து, அடுத்த ரகத்துக்கு இல்லாமல் இருக்கலாம்.

துபாயிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி வாங்கிவரச் செய்யலாமா?

வேண்டாம். முழுதாகவோ, பிரித்துப் பாகங்களாகவோ வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்புப் படைகள் போன்ற தேவைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு உண்டு. ட்ரோன் செய்யத் தேவையான உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. விமான நிலையச் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டால் மாமாவுக்கு வீண் அலைச்சல், உங்களுக்கு வீண் மனக்கசப்பு.

பதிவு எண் எப்படி எடுப்பது?

இணையத்திலேயே முடித்துவிடலாம். தொடக்கத்தில் ட்ரோன்களுக்கான அரசு இணையத் தளமான டிஜிட்டல் ஸ்கையில் நடந்தது, இப்போது டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்தில் நடக்கிறது. டி-2 படிவம், கட்டணம் 100 ரூபாய். கிடைக்கும் எண்ணை யுஐஎன் என்பார்கள்.

இந்த எண் ட்ரோனின் வரிசை எண்ணோடு மட்டும் கட்டப்படுவதில்லை. உள்ளே இருக்கும் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை, கையில் பிடிக்கும் ரிமோட் ஆகியவற்றின் வரிசை எண்களோடும் சேர்த்துத்தான் பதிவாகும். ரிமோட் தண்ணீரில் விழுந்து புதிது வாங்கினீர்கள் என்றால், மாற்றிய ஏழு நாளுக்குள் அதைத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். நண்பரின் ரிமோட்டை இரவல் வாங்கி ஓட்டும் பழக்கம் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பைலட் சான்றிதழுக்கு என்ன தகுதி? எவ்வளவு செலவாகும்?

18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி முடித்துத் தேர்வில் தேற வேண்டும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள், கிராமத்து இளைஞர்கள் பலர் அதிலேயே நின்றுபோனார்கள். 2023 செப்டம்பர்த் திருத்தத்தில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. அரசு கொடுத்த அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதும், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாம் செல்லும்.

பயிற்சி பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள். விதிகள், வான்வெளி, வானிலை, பேட்டரிப் பராமரிப்பு, அவசர நேரத்தில் என்ன செய்வது என்று வகுப்புகள், அப்புறம் சிமுலேட்டர், அப்புறம்தான் மைதானம். சான்றிதழுக்கு அரசு வாங்கும் கட்டணம் வெறும் 100 ரூபாய். செலவெல்லாம் பயிற்சிக் கட்டணத்தில்தான், அது நிறுவனத்துக்கு நிறுவனம் பல ஆயிரம் மாறுபடும். சென்னையில் தமிழ்நாடு அரசின் ஆளில்லா விமானக் கழகமே பயிற்சி தருகிறது, தனியார் நிறுவனங்களும் உண்டு. சேரும் முன் நிறுவனத்தின் பெயர் டிஜிசிஏ பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் "ட்ரோன் டிப்ளமோ" என்று சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுப்பார்கள். சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

மைதானத்தில் ஒவ்வொருவருக்கும் உண்மையில் எத்தனை நிமிடம் ரிமோட் கையில் கிடைக்கும் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இருபது பேருக்கு ஒரு ட்ரோன் என்றால் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். ஜிபிஎஸ் உதவி இல்லாத முறையில் ஓட்டப் பழக்குகிறார்களா என்றும் கேளுங்கள். காற்று வீசும்போது ஜிபிஎஸ் விட்டுப்போனால் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்காது, சரசரவென்று ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்துக்கு விரல் பழகியிருக்க வேண்டும்.

சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும்? ஒன்றை வைத்து எல்லா ட்ரோனையும் ஓட்டலாமா?

பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் எந்த எடை வகைக்கு, எந்த ரகத்துக்குப் பயிற்சி எடுத்தீர்களோ அதற்கு மட்டும்தான். பல சுழல் இறக்கைகள் கொண்ட ட்ரோனில் (மல்டிரோட்டர்) ஸ்மால் வகைக்கு வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு விமான வடிவ ட்ரோனை ஓட்டக்கூடாது.

நிறுவனம் தொடங்கினால் தனி வணிக உரிமம் வேண்டுமா?

வேண்டாம். பழைய விதிகளில் ட்ரோனை இயக்கும் நிறுவனத்துக்கான அனுமதி (ஆபரேட்டர் பெர்மிட்) என்று ஒன்று தனியாக இருந்தது, 2021 விதிகள் அதை எடுத்துவிட்டன. இப்போது ட்ரோனுக்குப் பதிவு எண், ஓட்டுபவருக்குச் சான்றிதழ், அவ்வளவுதான். முதலாளிக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரிமோட்டைப் பிடிப்பவரிடம் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி, தொழில் பதிவு போன்றவை எந்தத் தொழிலுக்கும் உள்ளவைதான்.

எங்கே பறக்கவிடலாம்?

நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை யாருடைய விமான அனுமதியும் தேவையில்லை. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இடங்களில் அந்த உயரம் 200 அடியாக, 60 மீட்டராகக் குறையும். அந்த உயரங்களைத் தாண்டினால் மஞ்சள். மஞ்சளில் பறக்க அந்தப் பகுதியின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். இடத்தைப் பொறுத்து அது விமான நிலைய ஆணையமாக இருக்கலாம், விமானப் படையாகவோ கடற்படையாகவோ இருக்கலாம். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால் மட்டும்.

தொலைவைச் சுற்றெல்லையிலிருந்து அளக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வரைபடத்தில் பயணிகள் முனையத்திலிருந்து கோடு போட்டு "13 கிலோமீட்டர் வருகிறது" என்பார்கள். ஓடுபாதை முடிந்து வேலி போகும் இடத்திலிருந்து அளந்தால் கணக்கு மாறிவிடும்.

விமான நிலையம் என்றதும் மீனம்பாக்கமும் மதுரையும் திருச்சியும் கோவையும்தான் நினைவுக்கு வரும். ராணுவத் தளங்களை மறந்துவிடுகிறோம். தாம்பரம், சூலூர், தஞ்சாவூரில் விமானப் படைத் தளங்கள் இருக்கின்றன. அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து என்று கடற்படைத் தளங்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பக்கம் ட்ரோனோடு போவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைத் தேடினால் நிறம் தெரியும். அதை வேலை ஒப்புக்கொள்ளும் நாளில் ஒருமுறையும், பறக்கவிடும் நாளில் ஒருமுறையும் பாருங்கள். பறப்பதற்கு முன் தளத்தில் சரிபார்ப்பது விதியிலேயே கட்டாயம், நிறங்கள் மாறக்கூடியவை. முன்பணம் வாங்கும் ரசீதிலேயே "மண்டல அனுமதிக்கு உட்பட்டது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது.

பச்சை மண்டலத்தில்தானே இருக்கிறோம், போலீஸ் ஏன் நிறுத்துகிறது?

நிறுத்துவதற்குக் காரணம் இருக்கலாம். மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி அறிவிக்க வேண்டும், ஒருமுறைக்கு 96 மணி நேரம் வரை செல்லும். முதல்வர் வருகை, பிரதமர் வருகை, பெரிய திருவிழா என்றால் ட்ரோனுக்குத் தடை என்று மாவட்ட நிர்வாகம் செய்தி வெளியிடுவதை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கலாம். முகூர்த்த நாளும் தலைவர் வருகையும் ஒன்றாக வந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான்.

விமான விதி வேறு, இடத்தின் விதி வேறு என்பதும் இதில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைப் போன்ற நினைவுச்சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை, துறையின் அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் எடுக்க முடியாது. தஞ்சையில் விமானப் படைத் தளமும் அருகில் இருப்பதால் இரண்டு பக்கமும் பூட்டு. புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி. தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம்.

பச்சை மண்டலத்தில் உள்ளூர்க் காவல் நிலைய அனுமதி கட்டாயம் என்று ட்ரோன் விதிகளில் இல்லை. இருந்தாலும் நான் சொல்வது, முந்தைய நாளே ஒரு கடிதத்தில் இடம், நேரம், பதிவு எண், பைலட்டின் பெயர் எழுதி நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் புகார் சொல்லி ரோந்து வண்டி வந்து நிற்கும்போது, விதிப் புத்தகத்தைப் பிரித்துக்காட்டுவதைவிட அந்த முத்திரை வேகமாக வேலை செய்யும்.

கல்யாணத்தில் கூட்டத்துக்கு மேலே பறக்கவிடலாமா?

உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து உண்டாக்கும் விதத்தில் ஓட்டக்கூடாது என்பது விதி. பந்தலுக்கு மேல், சாப்பாட்டுப் பந்திக்கு மேல், குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும் முற்றத்துக்கு மேல் ஒரு கிலோ இயந்திரம் சுற்றுவது ஆபத்தா இல்லையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மாலை மாற்றும்போது தலைக்கு மேல் இறக்கினால்தான் படம் அழகாக வரும் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. பக்கவாட்டில், கூட்டம் இல்லாத பக்கமாக நின்று எடுத்த படங்கள் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கின்றன. வாணவேடிக்கை நேரத்தில் ட்ரோனைத் தரையிலேயே வைத்திருங்கள்.

பக்கத்து வீட்டு மாடியும் குளியலறை ஜன்னலும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ட்ரோன் அபராதமெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

காப்பீடு கட்டாயமா?

நானோ தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் முறையையே இதற்கும் பொருத்தியிருக்கிறார்கள். உங்கள் ட்ரோன் பிறர் மேல் விழுந்தால், பிறர் காரின் கண்ணாடியை உடைத்தால் இது கைகொடுக்கும். உங்கள் ட்ரோனே ஏரியில் மூழ்கினால் இதில் காசு வராது, அதற்குத் தனியாகச் சேதக் காப்பீடு எடுக்க வேண்டும்.

வயலுக்கு மருந்து தெளிக்க வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ட்ரோன் தொழிலில் இப்போதைக்கு நிலையான வருமானம் தெரிகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். கல்யாணத்துக்குச் சீசன் உண்டு, பயிருக்குப் பூச்சி எப்போதும் உண்டு.

விமான விதிகளோடு பூச்சிக்கொல்லிச் சட்டமும் இங்கே சேர்ந்துகொள்ளும். எந்த மருந்தையும் எந்த அளவிலும் தெளிக்க முடியாது, ட்ரோன் தெளிப்புக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தாக இருக்க வேண்டும். தெளிப்புக்கான செயல்முறை வழிகாட்டியை வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் கலந்து அடிப்பவர்கள், ட்ரோனில் பத்து லிட்டரில் முடிக்கிறார்கள். அதாவது கரைசல் பல மடங்கு அடர்த்தி. காற்றில் அடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வயலிலோ மீன் குட்டையிலோ விழுந்தால் சேதமும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலையே இதற்கு ஏற்ற நேரம். பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் போனால் இறக்கைக் காற்றே மருந்தை இலைக்கு அடியில்வரை தள்ளிவிடும். உயரம் கூடக் கூட மருந்து வெளியே சிதறும்.

மானியமும் உண்டு. வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய். மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதம், 4 லட்சம் வரை. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதி திட்டம் இருக்கிறது. 15,000 குழுக்களுக்கு ட்ரோன் தருவது இலக்கு, விலையில் 80 சதவீதம், 8 லட்சம் வரை உதவி. குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி. அதில் ஐந்து நாள் பைலட் பயிற்சி, மீதிப் பத்து நாள் உரமும் மருந்தும் தெளிப்பது பற்றியது. ஓட்டக் கற்பதைவிடத் தெளிக்கக் கற்க இரண்டு மடங்கு நாள் வைத்திருப்பதைப் பாருங்கள், சரியான கணக்கு.

மனை அளவை, வரைபட வேலைக்குத் தனி அனுமதி உண்டா?

2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்களுக்குப் பிறகு இந்திய நிறுவனங்களுக்கு முன்அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு தொடர்பான சில விவரங்களை வரைபடத்தில் குறிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் இருக்கிறது. ட்ரோன் விதிகள் வழக்கம்போலப் பொருந்தும்.

மாட்டினால் என்ன தண்டனை?

ட்ரோன் விதிகளின்படி அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே விதிக்க வேண்டும். சான்றிதழையும் பதிவையும் நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ டிஜிசிஏவுக்கு அதிகாரம் உண்டு. தொழில் செய்பவருக்கு அபராதத்தைவிட இதுதான் வலிக்கும். பிற சட்டங்களின்கீழ் காவல்துறை வழக்குப் பதிந்தால் அது தனிக் கணக்கு.

விபத்து நடந்தால்?

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், அடிபட்ட லித்தியம் பேட்டரி சில நிமிடம் கழித்தும் தீப்பிடிக்கும். ஆளுக்கு அடிபட்டிருந்தால் மருத்துவமனை, பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல். பைலட் 48 மணி நேரத்துக்குள் இணையத் தளத்தின் வழியே டிஜிசிஏவுக்கு அறிக்கை தர வேண்டும். நினைவு அட்டையையும் பறப்புப் பதிவையும் அழித்துவிடாதீர்கள். தவறு உங்களுடையது இல்லை என்று நிரூபிக்க அதுதான் இருக்கும்.

வெளியூர் வேலைக்கு விமானத்தில் எடுத்துப் போகலாமா?

பேட்டரிகளைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும், கொடுத்தனுப்பும் பெட்டியில் கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி (Wh) வரை என்றால் பெரிதாகக் கேட்க மாட்டார்கள், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமில்லை. முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். விவசாய ட்ரோன் பேட்டரிகள் இந்த அளவை எல்லாம் எங்கோ தாண்டிவிடும், அவற்றுக்குச் சாலை வழிதான்.

விதிகள் மறுபடி மாறுமா?

மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. 2014இல் கிட்டத்தட்ட முழுத் தடை. 2018 டிசம்பரில் முதல் அனுமதி முறை. 2021 மார்ச்சில் ஒரு விதித்தொகுப்பு வந்து, படிவங்கள் அதிகம் என்று எதிர்ப்புக் கிளம்பி, ஐந்தே மாதத்தில் இப்போதைய விதிகள் வந்தன. 1934ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்தின் இடத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் வந்துவிட்டது. ட்ரோன்களுக்கென்றே தனிச் சட்ட வரைவு ஒன்றையும் மத்திய அரசு 2025 செப்டம்பரில் கருத்துக் கேட்டு வெளியிட்டது. அதனால் இரண்டு ஆண்டுக்கு முன் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்காதீர்கள், டிஜிசிஏ தளத்தில் புதிய அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ட்ரோனை விற்கும்போது என்ன செய்வது?

டி-3 படிவத்தில் 100 ரூபாய் கட்டிப் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். தொலைந்துபோனாலும், பழுது பார்க்க முடியாதபடி உடைந்தாலும் இதே படிவத்தில் பதிவை நீக்கலாம். மாற்றாமல் கைமாற்றிவிட்டால், வாங்கியவர் எங்கே போய் எதை எடுத்தாலும் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர்தான். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும் பெயர் மாறிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.